விரல் அசைந்தது

அன்றைக்கு வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரார் குறையையெல்லாம் அடுக்கிவிட்டுத் தன் குறையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள் வாசுகி என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

ஐப்பசி மாதம். மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கார்த்திகைக்கு அகல் விளக்கு போக வேண்டிய நேரம் என்பதால் விருத்தாசலத்தில் எந்த செராமிக் ஷெட்டிலும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் மழைக்கு அது தெரியுமா? பிளாஸ்டர் அச்சில் வெள்ளை மண்கூழை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மண்ணை மட்டும் விளக்காக விட்டுவைக்கும். அச்சே ஈரமாக இருந்தால் எதை உறிஞ்சும்? பாதி விளக்கு பிய்ந்துபோய் வரும். முதலாளி ஒரு பக்கம் கத்துவார், மழை ஒரு பக்கம் கொட்டும்.

அருக்காணி அக்காவும் நானும் அடுத்தடுத்த வீடு. ஷெட்டிலும் அடுத்தடுத்துதான் உட்காருவோம். அச்சிலிருந்து எடுத்த விளக்கின் ஓரத்தைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவது எங்கள் வேலை. நான் நூறு முடிப்பதற்குள் அவள் நூற்றைம்பது முடித்திருப்பாள். வாய் ஓயாமல் பேசுவாள், விரல் அதுபாட்டுக்கு வேலை செய்யும். அவள் புருஷன் ராஜவேல் மாமா அதே ஷெட்டில் அச்சு போடுகிறவர். பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் தூவுகிற அழகை வைத்தே அச்சு எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் அவர் போட்ட அச்சு சோடை போனதாகச் சரித்திரம் இல்லை.

அவர்களுக்கு ஒரே பெண் யுவஸ்ரீ. பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். நீட்டில்தான் டாக்டர் சீட்டுக்கு எட்டவில்லை. சேலம் பக்கத்தில் ஒரு காலேஜில் பிசியோதெரபி சேர்ந்தாள். நாலு வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் பழக வேண்டும். முதல் வருஷ லீவுக்கு வந்தபோது மருந்தில் ஊறிய பிணத்தின் நரம்பைப் பிரித்துப் பார்த்த கதையைச் சொல்லி எங்களைச் சோறு தின்ன விடாமல் செய்தாள். இரண்டாம் வருஷம் கரண்ட் மிஷின் கதை. ஒருத்தி தொடையில் இன்னொருத்தி பட்டையை ஒட்டிப் பழக வேண்டுமாம், எறும்பு ஊருகிற மாதிரி இருக்குமாம். ரெக்கார்டு நோட்டில் எலும்பு எலும்பாக வரைந்து கண் எரிகிறது என்பாள். ஹாஸ்டலில் விடியற்காலை பாத்ரூமுக்கு பக்கெட் வரிசை, வெள்ளைக் கோட்டு கசங்கியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலோ வாதம் வந்தவர்களைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்து இவள் இடுப்பு ஒடிந்துவிடும்.

"ஊரு வலிய பாக்கப் போயி எனக்கு வலி வந்துடுச்சி சித்தி" என்று சிரிப்பாள்.

சனிக்கிழமை சேலம் ரயிலில் வந்து இறங்கினால் பையிலிருந்து கோணம் அளக்கிற பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துவிடுவாள். தெருவில் ஒருத்தர் மூட்டையும் விட்டுவைக்க மாட்டாள்.

"ஒங்க மொழங்காலு நூத்திப் பத்துக்கு மேல மடங்க மாட்டேங்குது சித்தி. தெனம் சுவத்துல சாஞ்சி பத்து தடவ பாதி ஒக்காந்து எழுந்திரிங்க."

செய்தேன். வலி குறைந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து அவளை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தவளும் நான்தான்.

"டாக்டர் இல்ல சித்தி. நாங்க மாத்திர எழுத மாட்டோம், ஆப்பரேஷன் பண்ண மாட்டோம்."

"வெள்ளக் கோட்டு போட்டா டாக்டருதான், போடி."

தெரு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரேஷன் கடையில் அருக்காணி அக்காவை "டாக்டரம்மாவப் பெத்த ஆத்தா, முன்னாடி வா" என்பார்கள். அக்காவுக்கு முகம் கொள்ளாது. இரண்டு வருஷம் திருத்திப் பார்த்த யுவஸ்ரீ மூன்றாம் வருஷத்தில் திருத்துவதை விட்டுவிட்டாள். இருபது வயசுப் பெண், எத்தனை தடவைதான் நான் டாக்டர் இல்லை இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருப்பாள்?

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். அக்கா விளக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு சூளைப் பக்கம் போனாள். தரையில் சிந்தியிருந்த மண்கூழ் மழைத் தண்ணீரோடு சேர்ந்து வழவழவென்று கிடந்தது. வழுக்கியது. பலகையை விடாமல் இருக்கப் பார்த்து, கடைசியில் வலது கையை ஊன்றி விழுந்தாள். ஐயோ என்றுகூட அவள் கத்தவில்லை. "வெளக்கு போச்சே" என்றாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தால் மணிக்கட்டுக்கு மேலே வீங்க ஆரம்பித்திருந்தது.

யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்கள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி என்ன தூரம், பத்து நிமிஷம். அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வெண்ணெய கையில வெச்சிக்கிட்டு எவளாவது நெய்க்கு அலைவாளா? வூட்டுலயே டாக்டர வெச்சிக்கிட்டு அங்க போயி சீட்டுக்கு நிக்கணுமா? இரு, பொண்ணுகிட்ட கேப்போம்."

ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டு போன் போட்டேன். யுவஸ்ரீ ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பரீட்சை.

"வளைஞ்சி தெரியுதா சித்தி?"

"இல்லடி. வீக்கம்தான்."

"எக்ஸ்ரே எடுக்கணும் சித்தி."

"நீ வந்து பாத்தா தெரியாதா?"

அந்தப் பக்கம் பேனாவால் மேஜையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் காதில் கேட்கிறேன். பிறகு சொன்னாள்.

"சரி. நாளைக்கி பரீட்ச முடிஞ்சதும் கெளம்பி வரேன். அதுவரைக்கும் கைய அசைய வுடாதீங்க. அசையாம கட்டி, ஒசத்தி வெச்சிக்கச் சொல்லுங்க."

அசையாமல் கட்டச் சொல்கிறாள் என்று மாமாவிடம் சொன்னேன். வேறு வீடாக இருந்தால் ஒரு அட்டையை வைத்துத் துணியைச் சுற்றியிருப்பார்கள். இது அச்சு போடுகிறவர் வீடு. மாமா ஷெட்டிலேயே மாவு கலக்குகிற பேசினில் தண்ணீர் பிடித்தார். மாவைத் தூவினார். பழைய வேட்டியைக் கிழித்து அதில் நனைத்து நனைத்து முழங்கைக்குக் கீழேயிருந்து விரல் முட்டி வரைக்கும் சுற்றினார். அதற்கு மேல் இரண்டு விரற்கடை கனத்துக்கு மாவைப் பூசி ஈரக் கையால் தேய்த்து வழித்தார்.

"சுடுதுய்யா" என்றாள் அக்கா.

"இறுகுறப்ப சுடும். அச்சும் அப்பிடித்தான். ஆறிப்புடும்."

"ரொம்ப சுடுது."

"பல்லக் கடிச்சிக்க. ஆஸ்பத்திரியில மட்டும் வேற மாவா போடுறான்? இதே மாவுதான். நாப்பது வருசமா கலக்குறேன், எனக்குத் தெரியாதா?"

கட்டு இறுகியதும் கத்தியை எடுத்து ஓரத்தைச் சீவிவிட்டார். ஷெட்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெளேரென்று அவ்வளவு நேர்த்தி. நானும் தடவிப் பார்த்து மெச்சினேன். உள்ளே கை வீங்க இடமில்லை என்பது எங்கள் ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை. மண்ணுக்கு வீக்கம் கிடையாது. காய்ந்தால் சுருங்கத்தான் செய்யும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குக் கட்டினார். ஏழு மணிக்கு யுவஸ்ரீ வீடியோ காலில் வந்தாள். அக்கா கட்டிலில் தலையணை மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் ஒரு மணி நேரமாக வலி தாளாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தவள், போன் மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனைப் பிடித்தது நான்.

"என்னாம்மா இது, மாவுக்கட்டா? யாரு போட்டது?"

"ஒங்கப்பாதான். நல்லா இருக்குதா?"

"அய்யோ, இவ்ளோ கனமாவா... வலி எப்பிடிம்மா இருக்குது?"

"இருக்குது லேசா. நீ சாப்ட்டியா?"

"வெரல் நுனிய காட்டு. சித்தி, நகத்த அழுத்தி வுடுங்க. வெளுத்துட்டு செவப்பு திரும்புதா?"

அழுத்தினேன். விரலெல்லாம் பிளாஸ்டர் மாவு காய்ந்து அப்பியிருந்தது. குண்டு பல்பு வெளிச்சம் வேறு. எது வெளுப்பு, எது சிவப்பு? திரும்புகிறது என்று சொல்லிவைத்தேன்.

"இப்ப வெரல அசைச்சி காட்டும்மா. நல்லா மடக்கி நீட்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். விரல் அசையவில்லை. அவள் நெற்றி நரம்பு புடைத்தது, விரல் அசையவில்லை. "ஒரு நிமிசம்டி" என்று முந்தானையை இழுத்துக் கட்டின் கீழ்ப்பக்கம் போர்த்திக்கொண்டாள். அதற்குள் இடது கையை விட்டாள். போனில் தெரியாதபடி கீழேயிருந்து அந்த விரல்களை நெம்பினாள். விரல் நாலும் நிமிர்ந்தன, மடங்கின. அந்த வலி என்ன வலியோ, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாய் மட்டும் சிரித்தது.

"ஏம்மா அழுவுற?"

"ஒன்ன பாத்து ரெண்டு மாசம் ஆவுதில்ல. அதான். அசையுது பாரு."

"அசையுது, அசையுது. அப்ப பயமில்ல. நான் பயந்தே போயிட்டேன்."

"நாளைக்கி இன்னா பரீட்சடி?"

"எலும்பு பரீட்சம்மா."

"நல்லா எழுது. கைய பத்தி நெனைக்காத."

போனை வைத்ததும் கேட்டேன். "இன்னாக்கா இப்பிடிப் பண்ணிட்ட? கேக்குறத உள்ளபடி சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா பரீட்சய வுட்டுட்டு கெளம்பிடும் அது. ஒரு பேப்பரு போச்சின்னா ஒரு வருசம் போச்சி. ஒரு ராத்திரிதான. நீ வாய தொறக்காத வாசுகி, எம்மேல சத்தியம்."

பெத்த மனம் பித்து என்பார்கள். அவள் பித்தானாள் சரி, எனக்கு என்ன கேடு? நானும் வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் போய்ப் பார்த்தபோது அக்கா அமைதியாகப் படுத்திருந்தாள். "வலியே இல்ல. வுட்டுப் போச்சி" என்றாள். விரல்கள் கத்தரிக்காய் மாதிரி இருந்தன. வலி போய்விட்டது என்றதும் மாமா பெருமாளே என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

பகல் ஒன்றேகால் இருக்கும். யுவஸ்ரீயிடமிருந்து போன். ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"சித்தி, அம்மாவுக்கு வலி இருக்குதா, இல்லியா?"

"சுத்தமா இல்லடி. காலையில இருந்தே—"

அவள் போட்ட கூச்சல் இருக்கிறதே, பக்கத்தில் ஸ்பாஞ்சு பிழிந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "கட்ட ஒடைங்க. இப்பவே ஒடைங்க சித்தி. ஒடைச்சிட்டு ஆஸ்பத்திரிக்கி ஓடுங்க."

நானும் மாமாவும் ஓடினோம். எத்தனையோ அச்சைத் தட்டிப் பிரித்தவர், அந்தக் கட்டைப் பிரிக்க முடியாமல் தவித்தார். இரும்பு அறுக்கிற பிளேடை வைத்து அறுப்பார், உள்ளே கை இருக்கிறதே என்று நிறுத்துவார், மறுபடி அறுப்பார். "நல்ல மாவு வாசுகி, நல்ல மாவு" என்று அழுதார். ஓடு இரண்டாகப் பிளந்து விழுந்தபோது உள்ளே இருந்ததை நான் சொல்ல மாட்டேன். சூட்டில் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. அது பரவாயில்லை, ஆறிவிடும். அதற்குக் கீழே கை செத்திருந்தது.

இங்கே முதலுதவி செய்து அன்றைக்கே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கையை நீளமாகக் கிழித்து ஆப்பரேஷன் செய்தார்கள். ராத்திரி யுவஸ்ரீ வெள்ளைக் கோட்டைக்கூட மடிக்காமல் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள். டாக்டர் நல்ல மனுஷர், திட்டவில்லை.

"வீங்குற கைக்கு எடம் இல்லாம ரத்த ஓட்டம் நின்னுபோச்சிம்மா. அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள கட்டப் பிரிச்சிருந்தா தசைய காப்பாத்தியிருக்கலாம். வெரல் அசையலன்னா ஒடனே வந்திருக்கணும்."

"அசைஞ்சுது சார்" என்றாள் யுவஸ்ரீ. "ஏழு மணிக்கு நானே பாத்தேன்."

டாக்டர் ஒரு மாதிரியாக அவளைப் பார்த்துவிட்டுப் போனார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஐந்து மணிக்குக் கட்டு. ஏழு மணிக்கு வீடியோ. இன்னும் மூன்று நாலு மணி நேரம் கையில் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியோ பத்து நிமிஷம்.

வராண்டாவில் உட்கார்ந்துதான் யுவஸ்ரீ பரீட்சைக் கதையைச் சொன்னாள்.

"பத்து மார்க் கேள்வி சித்தி. கட்டு இறுகி கை செத்துப்போறதுக்கு அடையாளம் என்னா, வெவரின்னு. வலி, வெளுப்பு, மரமரப்பு, நாடி வுழுவுறது, வெரல் அசையாதது. அஞ்சும் மனப்பாடம் எனக்கு. மூணாவது எழுதறப்ப அம்மா கட்டு நெனப்பு வந்து பேனாவ வெச்சிட்டேன். எழுந்து ஓடிடலாமான்னு பாத்தேன். அப்பறம் அஞ்சாவத எழுதுனேன். எங்கம்மாவுக்குத்தான் வெரல் அசைஞ்சுதேன்னு தைரியம் வந்துச்சி. ஒக்காந்து முழுசா எழுதி முடிச்சிட்டேன். வெளிய வந்து போன வாங்குறப்ப மறுபடி பயம் வந்துடுச்சி."

அந்தப் பேப்பரில் காலேஜிலேயே அவள்தான் முதல் மார்க். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

அக்காவின் வலது கை மணிக்கட்டில் உள்பக்கமாக மடங்கி, விரல்கள் கோழிக்கால் மாதிரி சுருண்டு நின்றுவிட்டன. ஷெட்டில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். மாமா மாவுப் பேசினைத் தொடுவதில்லை. மண் சுமக்கிற வேலைக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் நடந்தால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவோம். யார் செய்தார்களோ அவர்கள் பேரை எழுதினால் சாமி விசாரிப்பார். ஒரு நாள் மாமா வெள்ளைத் தாளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"யாரு பேர எழுதறது வாசுகி? கட்டுனவன் நான். எம்பேர எழுதட்டுமா?"

ஆட்டோவைத் திருப்பினவள் பேர், போனைப் பிடித்தவள் பேர். அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

யுவஸ்ரீ இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தாள். வெந்நீர் ஒத்தடம், மெழுகு ஒத்தடம், விரலை நீட்டிக் கட்டுகிற பட்டை என்று படித்ததெல்லாம் செய்து பார்த்தாள். ஒரு நாள் வெளியே மழை பெய்துகொண்டிருக்க, அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் காலேஜிக்கிப் போவல சித்தி."

"ஏண்டி, இன்னும் ஒரு வருசம்தான?"

"கண்ணால பாத்தேன், அசைஞ்சுது. பாத்ததே தப்புன்னா நான் எந்த பேசண்டு கைய நம்பித் தொடுறது? எனக்கு பாக்கத் தெரியல சித்தி. படிப்பு மண்டையில இருக்குது, கண்ணுல இல்ல."

என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உனக்குப் பார்க்கத் தெரியும்டி, உனக்குக் காட்டினதுதான் பொய் என்று. அருக்காணி அக்கா அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தனியாகப் பிடித்துக்கொண்டபோது சொன்னாள்.

"சொன்னீன்னா நான் செத்தேன்னு வெச்சிக்க. தன் பரீட்சைக்காவ ஆத்தா கைய குடுத்துட்டான்னு தெரிஞ்சா அது உசுரோட இருக்குமா?"

அழுது, பட்டினி கிடந்து, எப்படியோ மகளைத் திருப்பி அனுப்பினாள். ஆனால் நாலாம் வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் யுவஸ்ரீ சுவரோரம் நிற்கிறாளாம். நோயாளியைத் தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாளாம். கூடப் படிக்கிற பூர்ணிமா எனக்கு போன் போட்டுச் சொன்னாள். இப்படியே போனால் பாஸ் போட மாட்டார்களாம்.

ஒரே ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்தாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் வந்து அம்மாவுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். போனைப் பிடிப்பது நான். "நெனைம்மா, வெரல் நிமிருதுன்னு மனசுல நெனை" என்பாள். அக்கா நினைப்பாள். ஆறு மாதம் நினைத்தாள். ஒன்றும் அசையவில்லை.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு யுவஸ்ரீயின் முகம் சரியில்லை.

"நாளைக்கி பொட்டிய கட்டிக்கிட்டு வந்துடுறேம்மா. எச்ஓடி மேடத்துகிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

அக்கா பதறவில்லை. முந்தானையை இழுத்து மடியில் போர்த்திக்கொண்டாள்.

"அடியே, சொல்ல மறந்துட்டேன். இங்க பாரு" என்றாள். சுருண்டிருந்த ஆள்காட்டி விரல் மெல்ல நிமிர்ந்தது. பிறகு நடுவிரல்.

"அம்மா!" யுவஸ்ரீ கத்தினாள். "அம்மா, அசையுதும்மா! பூர்ணி, இங்க ஓடியா, எங்கம்மா வெரல் அசையுது!" எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெண் சிரித்ததைப் பார்த்தேன். "எனக்கு பாக்கத் தெரியுதும்மா. நான் சொல்லிக்குடுத்தது வேல செஞ்சிடுச்சி. நான் படிப்ப முடிச்சிடுவேன்."

"முடிப்ப, முடிப்ப" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. அன்றைக்கு இருந்த அதே முகம்.

பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் படித்து முடித்திருப்பாளோ என்னவோ. வீட்டுக்கு வந்து கையைத் தொட்ட அன்றைக்கே தெரிந்து உடைந்திருப்பாளோ என்னவோ. எனக்குத் தெரியாது. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு ஒரு கையைத் தின்றாயிற்று என்பது மட்டும்தான் தெரிந்தது. சத்தியம் வாய்க்குத்தான். போனை மெல்லக் கீழே இறக்கினேன். மடியைக் காட்டினேன். முந்தானைக்குள்ளே நெம்பிக்கொண்டிருந்த இடது கையைக் காட்டினேன்.

அக்கா விரலை விட்டாள். அது பழையபடி சுருண்டுகொண்டது.

அந்தப் பக்கம் யுவஸ்ரீயின் சிரிப்பு நின்றது. பின்னால் ஹாஸ்டலில் யாரோ பக்கெட் வைக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கும் இப்பிடித்தானாம்மா?" என்றாள் யுவஸ்ரீ.

அக்கா இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

யுவஸ்ரீயின் குரல் என் பக்கம் திரும்பியது.

"சித்தி, அன்னைக்கும் போன நீங்கதான புடிச்சிருந்தீங்க?"